எதிர்த்தரப்பையும் நீங்களே எழுதுங்கள்: வாதக் கட்டுரையில் மாற்றுக்கருத்தைக் கையாளும் முறை

பட்டிமன்றத்தில் ஓர் அணி பேசி முடித்ததும் மற்ற அணி எழுந்து பதில் சொல்லும். வாதக் கட்டுரையில் மேடை முழுவதும் ஒருவருக்கே. தன் தரப்பைப் பேசுவதும், எதிரணியின் சார்பில் எழுந்து கேள்வி கேட்பதும், அதற்கு விடை சொல்வதும் எழுதுகிற ஒருவர் வேலைதான். இதில் நடுவேலையை விட்டுவிட்டுச் சொந்தக் காரணங்களை மட்டும் பத்தி பத்தியாக அடுக்கும் கட்டுரைகளே அதிகம். ஏற்கெனவே உடன்படுகிறவர் அவற்றைப் படித்துத் தலையாட்டுவார். உடன்படாதவர் மனத்திலோ முதல் பத்தியிலேயே ஒரு கேள்வி எழுந்து, கடைசி வரிவரை விடையில்லாமல் நிற்கும். யாரை மாற்ற எழுதினோமோ அவர் மாறாமலே போய்விடுவார்.

தமிழுக்கு இது புதிய பயிற்சி அன்று. நூலாசிரியர் கொள்ளத்தக்க மதங்கள், அதாவது கொள்கைகள், என்று இலக்கண நூலான நன்னூல் ஏழைச் சொல்கிறது. உடன்படல், மறுத்தல் ஆகியவற்றை அடுத்து வருவது ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, பின்பு களைவது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பிற சமயங்கள் 14-ஐயும் எடுத்துச் சொல்லி மறுப்பது பரபக்கம். தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் அதற்குப் பிறகுதான். உரையாசிரியர்களும் மாணவன் கேட்கக்கூடிய கடாவை (வினாவை) தாங்களே எழுப்பி விடை சொல்லிச் செல்வார்கள். இன்றைய பள்ளி, கல்லூரி, போட்டித் தேர்வுக் கட்டுரைகளுக்கும் தேவையானது இதே பழக்கம்தான்.

முறையைக் காட்ட ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. ‘நெகிழிப் பைக்குத் தடை தொடர வேண்டும், எல்லோரும் துணிப்பைக்கு மாற வேண்டும்’ என்பது நம் கட்டுரையின் முடிவு என்று வைத்துக்கொள்வோம். இந்த முடிவு கடைசியில் இப்படியே இருக்காது.

எதிர்ப்புகளைத் திரட்டுதல்

கட்டுரையைத் தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் 15 நிமிடம் எதிர்த்தரப்பாக மட்டும் எழுதுங்கள். ‘அவர்கள் சொல்கிறார்கள்’ என்று எழுதாமல், ‘நான்’ என்று அவர்கள் குரலிலேயே எழுத வேண்டும். எதுவும் வரவில்லை என்றால், இந்த முடிவால் யாருக்கு இழப்பு என்று கேளுங்கள். பூ விற்பவர், மீன்கடைக்காரர், இட்லி மாவு விற்பவர், நெகிழிப்பை தயாரிக்கும் சிறு ஆலையில் வேலை செய்பவர். ஒவ்வொருவர் வாயிலும் ஒரு வாக்கியம் வரும். முடிந்தால் கடைக்கே போய்க் கேட்டு வருவது இன்னும் நல்லது. மேசையில் உட்கார்ந்து நாமாகக் கற்பனை செய்யும் எதிர்ப்பு எப்போதும் சற்று முட்டாள்தனமாகவே அமையும். நேரில் கேட்டதில் அந்தக் குறை இருக்காது.

நம் பொருளுக்கு இப்படி ஒரு பட்டியல் கிடைக்கும்: ஈரமான மீனையும் சூடான சாம்பாரையும் துணிப்பையில் தர முடியாது. மாற்றுப் பைகள் விலை கூடுதல். சின்னக் கடைக்குக் கட்டாது. பெட்டிக்கடைக்காரரின் பையைப் பிடிக்கிறார்கள், பெரிய நிறுவனத்தின் நொறுக்குத்தீனி உறை மட்டும் அப்படியே வருகிறது. தடை போட்டும் சந்தையில் பை கிடைக்கத்தான் செய்கிறது. பருத்தி விளைவிப்பதே சூழலுக்குப் பெருங்கேடு. நெகிழிப் பை வசதியானது.

இதில் எதை எடுப்பது, எதை விடுவது? ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கேள்வியை வையுங்கள்: ‘இது முழுக்க உண்மை என்றால் என் முடிவை நான் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்குமா?’ நெகிழிப் பை வசதியானது என்பது உண்மைதான், ஆனால் அதனால் முடிவு அசையாது. விட்டுவிடலாம். பருத்திப் பை நெகிழியைவிடக் கெடுதல் என்பது உண்மையானால் முடிவின் பாதி இடிந்துவிடும். ஆகவே அதை எடுத்தே ஆக வேண்டும். எளிதாக மறுக்கக்கூடியதைத் தேர்ந்தெடுத்து வென்றுகாட்டும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுத்தால், வலுவான எதிர்ப்பு எது என்று தெரிந்த வாசகர், எழுதியவருக்கு அது தெரியவில்லை அல்லது தெரிந்தே மறைத்தார் என்று முடிவு கட்டிவிடுவார்.

எண்ணிக்கை விஷயத்தில் பேராசை கூடாது. 500, 600 சொற்களில் எழுதும் கட்டுரைக்கு ஓர் எதிர்ப்பு போதும். 1,000 சொற்களுக்கு மேல் என்றால் இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஐந்து எதிர்ப்புகளை ஒவ்வொரு வரியில் தொட்டுச் செல்வதைவிட, ஒன்றை எடுத்து முழுமையாக விடை சொல்வதே நம்பிக்கை தரும். மொத்தக் கட்டுரையில் ஏறத்தாழ கால்பங்கு இதற்குப் போகலாம். எதிர்ப்பைச் சொல்ல 2 முதல் 4 வாக்கியம், விடைக்கு அதே அளவு அல்லது இருமடங்கு. விடை எதிர்ப்பைவிடக் குட்டையாக இருந்தால் தோற்றதுபோலத் தோன்றும்.

அவர் ஒப்புக்கொள்ளும்படி எழுதுதல்

முறை முழுவதிலும் கடினமான இடம் இதுதான். எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஒருவர் உங்கள் பத்தியைப் படித்து, ‘ஆமாம், நான் சொல்வது இதைத்தான்’ என்று சொல்ல வேண்டும். அதுதான் அளவுகோல்.

தவறான வடிவம் இது:

‘சோம்பல் காரணமாகச் சிலர் துணிப்பையைத் தூக்கிச் செல்வது கஷ்டம் என்று கூறிக்கொண்டு நெகிழியை ஆதரிக்கின்றனர்.’

இதில் மூன்று கோளாறுகள். ‘சிலர்’ யார் என்று தெரியவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன்பே குணத்தைப் பழித்தாகிவிட்டது. எடுத்துக்கொண்டதும் ஆக வலுவற்ற காரணம். இதை மறுத்து எதுவும் கிடைக்காது.

திருத்திய வடிவம்:

‘துணிப்பையே சூழலுக்கு நல்லது என்ற எண்ணத்தை ஏற்காதவர்கள் ஒரு வலுவான சான்றை முன்வைக்கிறார்கள். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பை கடைகளில் தரும் நெகிழிப் பையைவிட மேலானதாக வேண்டுமானால், பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கில் எடுத்தால்கூட 52 முறையாவது அதைப் பயன்படுத்தியாக வேண்டும். எல்லா வகைப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை. இந்தக் கணக்கில், விழாக்களில் பை பையாக வாங்கி அலமாரியில் அடுக்கும் நாம் சூழலுக்கு நன்மை செய்யவில்லை.’

இங்கே எதிர்ப்பு தன் முழு பலத்தோடு நிற்கிறது. 7,100 என்ற எண்ணைப் பார்த்ததும் அதை மறைக்கத் தோன்றும்; 52-ஐ மட்டும் சொல்லித் தப்பலாம் என்றும் தோன்றும். இரண்டும் வேண்டாம். வாசகர் அந்த எண்ணை வேறெங்காவது பார்த்திருந்தால் கட்டுரை முழுவதன் மீதும் ஐயம் விழும்.

தமிழ் வாக்கியம் வைக்கும் பொறி

தமிழில் எழுதும்போது வரும் ஒரு சிக்கலை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மொழியில் ‘என்கின்றனர்’, ‘என்று வாதிடுகின்றனர்’ என்ற வினை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. ‘பருத்திக்கு நீர் அதிகம் தேவைப்படுகிறது, பூச்சிமருந்தும் அதிகம் தெளிக்கப்படுகிறது, ஆகவே துணிப்பை நெகிழியைவிடக் கேடானது, தடையே தேவையற்றது என்று ஒரு தரப்பினர் வாதிடுகின்றனர்’ என்று எழுதினால், கடைசி நான்கு சொற்கள் வரும்வரை இது உங்கள் கருத்து என்றே வாசகர் நினைத்துக்கொண்டிருப்பார். எதிர்ப்பு மூன்று வாக்கியம் நீண்டால் குழப்பம் இன்னும் கூடும்.

இதற்குத் தீர்வு, பேசுபவரை முன்னால் நிறுத்துவதுதான். ‘தடையை எதிர்ப்போர் சொல்லும் முதற்காரணம் இது:’ என்று தொடங்குங்கள். அல்லது ‘சிறு வணிகர்களின் கேள்வி வேறு.’ என்று ஒரு குறுவாக்கியம் போட்டுவிட்டுத் தொடருங்கள். நீண்டால் நடுவில் ஒருமுறை ‘அவர்கள் கணக்கில்’, ‘இந்தப் பார்வையில்’ என்று நினைவூட்டுங்கள். உங்கள் குரல் திரும்பும் இடத்திலும் அடையாளம் வேண்டும். ‘இந்தக் கணக்கில் விட்டுப்போனது ஒன்று உண்டு’ என்பதுபோல. வெறும் ‘ஆனால்’ பல சமயம் போதாது. எதிர்ப்புக்கு உள்ளேயே ஓர் ‘ஆனால்’ வந்திருக்கலாம்.

வினையைத் தேர்வதிலும் கவனம் தேவை. ‘என்கின்றனர்’, ‘வாதிடுகின்றனர்’ இரண்டும் நடுநிலை. ‘சுட்டிக்காட்டுகின்றனர்’ என்று எழுதினால், சுட்டப்பட்டது உண்மை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகும். உண்மையான தகவலுக்கு அது பொருந்தும். மறுக்கப்போகும் கருத்துக்குப் பொருந்தாது. ‘கூறிக்கொள்கின்றனர்’ என்பதில் ஐயமும் ஏளனமும் கலந்திருக்கிறது. ‘துணிப்பை கேடாம்’ என்று ‘ஆம்’ சேர்ப்பது திண்ணைப் பேச்சில் சரி, கட்டுரையில் அது கேலி. ‘கருதப்படுகிறது’ என்றால் கருதுபவர் யார் என்பதே மறைந்துவிடும்.

‘ஆனால்’ எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் பாருங்கள். ‘தடை வடிகால் அடைப்பைக் குறைக்க உதவும், ஆனால் சிறுகடைகளுக்கு அது சுமை’, ‘தடை சிறுகடைகளுக்குச் சுமைதான், ஆனால் வடிகால் அடைப்பைக் குறைக்க அது உதவும்’. தகவல் ஒன்றே. கடைசியில் நிற்பதற்கே எடை. உங்கள் தரப்பு ‘ஆனால்’ என்பதற்குப் பின்னால் வர வேண்டும். முன்பாதியில் வரும் ‘-தான்’ என்ற சிறு இடைச்சொல், ‘இதை நான் மறுக்கவில்லை’ என்று ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. ‘-ஆலும்’, ‘எனினும்’, ‘உண்மையே, ஆயினும்’ ஆகியவற்றுக்கும் இதே வேலை.

விடை சொல்லுதல்

எல்லா எதிர்ப்புக்கும் ஒரே வகை விடை பொருந்தாது. எதிர்ப்பு எந்த இடத்தில் அடிக்கிறது என்று பார்த்துத்தான் விடையின் வகையைத் தேர வேண்டும்.

தகவலே தவறு என்றால் நேரான மறுப்பு. தவறான எண்ணைச் சொல்லி, சரியான எண்ணையும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னால் முடிந்தது. இதற்கு நீளம் வேண்டாம்.

தகவல் சரி, அது இங்கே பொருந்தவில்லை என்பது இரண்டாவது வகை. டென்மார்க் ஆய்வுக்கு இதுதான் விடையாக முடியும். அந்த ஆய்வு பைகளைத் தயாரிப்பது முதல் எரிப்பது வரை கணக்கிட்டது. தெருவில் வீசப்படும் பையால் வரும் கேட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் டென்மார்க்கில் அது மிகக் குறைவு என்று ஆய்வாளர்கள் கொண்டார்கள். அங்கே நெகிழிப் பை வீட்டுக் குப்பைத்தொட்டிக்குள் உறையாகி, குப்பையோடு சேர்ந்து எரியுலைக்குப் போகிறது. நம் ஊர்களில் அது மழைநீர் வடிகாலிலும் மாட்டின் வயிற்றிலும் முடிகிறது. அங்கே நியாயமாக விடப்பட்ட கேடே இங்கே தடைக்கு முதற்காரணம். இந்த விடை ஆய்வைப் பழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘வெளிநாட்டு ஆய்வு நமக்கு எதற்கு’ என்று ஒதுக்கியிருந்தால் அது விடையாகாது. எந்தக் கணக்கு விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று சொன்னதால்தான் விடையாயிற்று.

மூன்றாவது, ஒரு பகுதியை ஒப்புக்கொண்டு உங்கள் முடிவைக் குறுக்குவது. மேலே சொன்ன விடைக்குப் பிறகும் 52 அப்படியே நிற்கிறதே! புதுப்புதுத் துணிப்பைகளை வாங்கிக் குவிப்பது நல்லதல்ல என்ற பகுதி மறுக்க முடியாதது. ஆகவே ‘எல்லோரும் துணிப்பைக்கு மாற வேண்டும்’ என்ற நம் முடிவு, ‘வீட்டில் இருக்கும் பையைக் கிழியும்வரை பயன்படுத்த வேண்டும்’ என்று சுருங்க வேண்டும். வாரம் ஒருமுறை சந்தைக்கு எடுத்துப்போனால் ஓராண்டில் 52 முறை ஆகிவிடும் என்ற எளிய கணக்கையும் சேர்க்கலாம். தாம்பூலத்தோடு கல்யாண வீட்டில் தந்த மஞ்சள் பையை நைந்து போகும்வரை வைத்திருந்த பழக்கம் இங்கே சரியாக வந்து உட்காரும். சுருங்கிய முடிவு வலுவிழந்த முடிவு என்று அஞ்ச வேண்டாம். தாங்க முடிந்த அளவுக்கு மட்டும் சொல்லும் முடிவைத் தகர்ப்பது கடினம்.

நான்காவது, இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்ப்பது. மீன்கடைக்காரரின் எதிர்ப்பில் தவறு ஏதும் இல்லை. ஈரப் பொருளுக்கு மலிவான மாற்று எளிதில் கிடையாது. இதை மறுக்கப் போனால் பொய் சொல்ல நேரும். எனவே சுமை உண்டு என்று சொல்லிவிட்டு, அதை யார் ஏற்பது என்ற கேள்விக்குப் போக வேண்டும். வாங்குபவர் தூக்குவாளி, பாத்திரம் கொண்டுவந்தால் கடைக்காரருக்குச் செலவே இல்லை. பூவுக்கு வாழையிலை போதும். மற்றவற்றுக்கு மாற்றுப் பையின் விலையைக் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டாத ஏற்பாடு வேண்டும். எந்தத் தீர்வும் தராமல் ‘பெரிய நன்மைக்காகச் சிறு தியாகம்’ என்று எழுதிவிடாதீர்கள். தியாகம் செய்யப்போவது நீங்கள் அல்ல என்பது வாசகருக்குத் தெரியும்.

‘பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டார்கள்’, ‘தடை சரியாக அமலாகவில்லை’ என்ற இரண்டும் வேறு இனம். இவை தடை கூடாது என்பதற்கான காரணங்கள்போலத் தோன்றினாலும், ஊன்றிப் பார்த்தால் தடை போதவில்லை என்பதற்கான காரணங்கள். ‘இந்தக் குறை உண்மை, இது தடையை நீக்கச் சொல்லவில்லை, விரிவாக்கச் சொல்கிறது’ என்று ஒரு வாக்கியத்தில் திருப்பலாம். ஓர் எச்சரிக்கை: எவ்வளவு முயன்றாலும் அமலாக்கவே முடியாது என்று ஒருவர் காரணத்தோடு வாதிட்டால் அது உண்மையான எதிர்ப்பு. அதை இப்படித் திருப்பித் தப்பிக்கக் கூடாது.

எங்கே வைப்பது

வாசகர் பெரும்பாலும் எதிர்நிலையில் இருப்பவர் என்று தெரிந்தால் முன்னுரையை அடுத்து வையுங்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அவர் வேறெதையும் கேட்கமாட்டார். உங்கள் சான்றைப் படித்த பிறகே எதிர்ப்பு புரியும் என்றால், அந்தச் சான்றுக்கு அடுத்த பத்தியில். தேர்வில் நேரம் குறைவாக இருக்கும்போது, இரண்டு காரணங்களை எழுதிவிட்டு மூன்றாவது பத்தியில் எதிர்ப்பும் விடையும், பிறகு ஆக வலுவான காரணம், பிறகு முடிவுரை என்ற வரிசை பாதுகாப்பானது. முடிவுரையில் மட்டும் புது எதிர்ப்பு வேண்டாம். வாசகர் காதில் கடைசியாக ஒலிப்பது எதிர்த்தரப்பின் குரலாகிவிடும். எதிர்ப்பை ஒரு பத்தியில் விட்டு விடையை இரண்டு பத்தி தள்ளி வைப்பதும் கூடாது. இரண்டும் ஒட்டியே இருக்க வேண்டும்.

அடிக்கடி சறுக்கும் இடங்கள்

கேட்ட கேள்வி ஒன்று, சொல்லும் விடை வேறொன்று. இது மிகப் பரவலான தவறு, எழுதுபவர் கண்ணுக்குத் தெரியாததும்கூட. ‘மாற்றுப் பை விலை அதிகம்’ என்ற எதிர்ப்புக்கு, ‘நெகிழி மட்க நெடுங்காலம் ஆகும்’ என்று விடை வரும். இரண்டும் உண்மை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. எதிர்ப்பின் மையச்சொல்லை (இங்கே ‘விலை’) அடிக்கோடிட்டு, விடையின் முதல் இரு வாக்கியங்களுக்குள் அந்தச் சொல் வருகிறதா என்று பார்த்தால் பிடித்துவிடலாம்.

விடைக்குப் பதில் வினா எழுப்புவது மேடைப் பழக்கம். ‘நம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வது இதைத்தானா?’ என்றால் அரங்கத்தில் கைதட்டல் விழும். தாளில் அப்படியில்லை, வாசகர் ‘இல்லை, ஆனால் என் கேள்விக்கு என்ன பதில்?’ என்று அங்கேயே நிற்பார். குறளோ பழமொழியோ சேர்ப்பதும் இதே போலத்தான். அது உங்கள் பக்கத்துக்கு ஒளி கூட்டலாம், எதிர்ப்புக்கு விடையாக நிற்காது. முன்பே விடை சொல்லிவிட்டு அதன் பிறகு சேர்த்தால் நன்று.

‘இரு தரப்பிலும் நியாயம் உண்டு’ என்று முடிப்பது பலருக்குப் பணிவாகத் தோன்றுகிறது. இதற்கு மாறான வழிக்கு நன்னூல் ஒரு பெயரே வைத்திருக்கிறது: ‘இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு’. மாறுபட்ட இருவர் கொள்கைகளில் ஒன்றைத் துணிய வேண்டும். இரண்டிலும் நியாயம் இருக்கலாம். எது எந்த அளவில், எந்த நிபந்தனையில் மேலோங்குகிறது என்று சொல்லாமல் பேனாவை மூடக் கூடாது.

எழுதி முடித்ததும்

விடைப் பத்தியைத் தாளால் மூடிவிட்டு, எதிர்ப்பை மட்டும் எதிர்க்கருத்துடைய ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்றால் அவர் சொல்லும் வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டு பத்தியை மாற்றுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஒருநாள் கழித்து, எதிர்த்தரப்பு வாக்கியங்களுக்கு ஒரு நிறமும் உங்கள் வாக்கியங்களுக்கு வேறு நிறமும் தீட்டுங்கள். எந்த நிறம் என்று தயங்கவைக்கும் வாக்கியம்தான் வாசகரையும் தடுமாறவைக்கும்.

அடுத்து முன்னுரைக்குத் திரும்ப வேண்டும். நாம் தொடங்கியபோது எழுதியது: ‘நெகிழிப் பைக்குத் தடை தொடர வேண்டும், எல்லோரும் துணிப்பைக்கு மாற வேண்டும்.’ இப்போது நம்மால் தாங்க முடிவது: ‘நெகிழிப் பைக்குத் தடை தொடர வேண்டும், அதற்கு ஈடாகப் புதுப் பைகளைக் குவிக்காமல், இருக்கும் பையையும் பாத்திரத்தையும் கடைக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் வர வேண்டும், மாற்று கிடைக்காத சிறுகடைகளின் செலவை அவர்கள் மட்டும் சுமக்கக் கூடாது.’ கட்டுரையின் உடற்பகுதியில் இவ்வளவும் ஒப்புக்கொண்டுவிட்டு முன்னுரையில் பழைய வாக்கியத்தை அப்படியே விட்டால், கட்டுரை தன்னோடு தானே முரண்படும். முதல் பத்தி, முடிவுரை, தலைப்பு மூன்றையும் புதிய வாக்கியத்துக்கு ஏற்பத் திருத்திவிட்டுத் தாளைக் கொடுங்கள்.